கொக்குவிலிலிருந்து உறுதிப்படுத்தப்படாத செய்தி

கிளென்ஃபீல்ட், ஒக்லாந்து
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி கேதீஸ் எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவற்றை விசாரிக்க வேண்டாம். உங்கள் முழங்கால் எப்படி? கிணற்றடிக்கு நடக்க முடிகிறதா?

தொலைபேசி இலக்கத்தை மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். புது இலக்கத்தை ஊரில் ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று முன்பே எழுதிவிட்டேன். இலக்கம் போனால் வாட்ஸ்அப் வரும். அதற்குப் பின்னால் ஊரே வரும். தாளில் எழுதுகிறவன் முத்திரை ஒட்டுவதற்குள் ஒரு தடவையாவது யோசிப்பான். ஆகவே கடிதமே போதும்.

இங்கே பத்திரிகையும் ரேடியோவும் எப்படி என்று கேட்டீர்கள். ஐம்பது லட்சம் சனத்துக்கு இத்தனை எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். போன வருஷம் ஒரு தொலைக்காட்சி தன் செய்திப் பிரிவு முழுவதையும் மூடியது. நான் பக்கம் கட்டிக்கொண்டிருந்த இலவசப் பத்திரிகை அதற்கும் முந்திவிட்டது. புதன்கிழமை கூட்டம் வைத்தார்கள், கேக் வெட்டினார்கள், வெள்ளிக்கிழமை பூட்டினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டம் எடுத்த உங்கள் தம்பி இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் களஞ்சியத்தில் பெட்டிக்கு லேபல் ஒட்டுகிறான். நாங்கள் விட்டுவந்த தீவில் செய்தி நிறைய இருந்தது, உண்மைதான் கிடைக்கவில்லை. இந்தத் தீவில் உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. சம்பளத்துக்குச் சொல்ல ஆள் இல்லை.

எனக்கு மிஞ்சியிருப்பது ஞாயிறு மத்தியானம் சமூக வானொலியில் கிடைக்கும் தமிழ் நேரம் மட்டும். முதல் பாதி என் செய்தி. பிற்பாதி கோதண்டராமன் என்ற சென்னைக்காரரின் சினிமாப் பாட்டு. அவருக்குத்தான் கூடுதல் நேயர்கள் என்று நிலையத்தில் சொல்கிறார்கள். யார் எண்ணினார்கள் என்று கேட்டேன்.

சோபனாவும் மகன் அனுஷனும் நகரத்தின் மறுபக்கம் எப்சத்தில் இருக்கிறார்கள். அவன் பள்ளிக்கூடத்துக்கு அந்த வட்டாரத்தில் இருந்தால்தான் வசதி.

உங்கள் வீட்டில் மற்றவர் எப்படி என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
கேதீஸ்


கொக்குவில் கிழக்கு
5 பெப்ரவரி 2025

அன்புத் தம்பி கேதீசுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நல்லூரானை நினைத்துக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். முழங்கால் மழைக்கு மட்டும் முரண்டு பிடிக்கிறது. கிணற்றடிக்குப் போக இப்போது வேலை இல்லை, அண்ணையின் மகள் நிருஜா குழாய் போட்டுவிட்டாள்.

இங்கேயும் பேப்பர்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். அதுவும் பழைய செய்திதான். செத்தவரின் படம் கைப்பேசிக்கு வந்து, ஊர் முழுக்கச் சுற்றி, அதன் பிறகுதான் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது. இன்றைக்கு யாரை நம்புவது என்று எனக்கும் விளங்கவில்லை.

வீட்டுப் பழைய போனை வெட்டிவிட்டோம், ஒருவரும் அதில் எடுப்பதில்லை. நிருஜாவின் இலக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கவனமாக வை.

உன் நிகழ்ச்சி இன்டர்நெட்டில் வருகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். ஞாயிறு காலையில் தேத்தண்ணீரோடு போட்டுவிடுவாள். உன் குரல் கொஞ்சம் தடித்துப் போயிருக்கிறது. குளிரோ? வீட்டில் எல்லோரும் கேட்கிறோம்.

அண்ணைக்குச் சாப்பாடு செமிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். நீ கேட்கவில்லை என்றாய், எழுதிவிட்டேன், கோபிக்காதே.

சோபனாவை நான் கேட்டதாகச் சொல். அனுஷனின் பள்ளிக்கூடத்துக்கு வசதி என்றால் நீயும் எப்சத்தில்தானே இருக்க வேண்டும்? உன் விலாசம் வேறாக இருக்கிறது. எனக்கு உங்கள் ஊர் தெரியாது, அதுதான் கேட்டேன்.

உன் அக்கா,
யோகராணி


கிளென்ஃபீல்ட்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் முழங்காலும் சுகம் என்று நம்புகிறேன்.

வீட்டில் எல்லோரும் கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் என்றால் யார் யார்? அவர் கேட்பதற்காக நான் வாசிக்கவில்லை. நீங்கள் மறந்தவர் போல எழுதுவதால் ஞாபகப்படுத்துகிறேன். 2009இல் நானும் அண்ணையும் கொழும்பில் ஒரே வானொலியில் செய்தி வாசித்தோம். மே மாதம் ஒருநாள் மாலைச் செய்தி என் முறை. முள்ளிவாய்க்காலில் சனம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வரி எழுதித் தந்தார்கள். என் வாயால் அது வராது என்று தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் தரிப்பில் நிற்கும்போது தேத்தண்ணீர்க் கடை ரேடியோவில் அதே வரியைக் கேட்டேன். வாசித்தது என் அண்ணை. ஒரு சொல் தடுக்காமல், இடம் பார்த்து மூச்சு விட்டு, அழகாக வாசித்தார். இந்தப் பதினாறு வருஷத்தில் அதற்கு அவர் ஒரு விளக்கமும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே அவருக்குச் செமிக்கிறதா இல்லையா என்பது எனக்கு வேண்டாத செய்தி.

இங்கே நிலையத்தில் தமிழ் நேரத்தைப் பரிசீலிக்கிறார்களாம். பொறுப்பாக இருக்கிற ரஜ்னி ஃபிஜிக்காரி. அவளுடைய பாட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழராம், அவளுக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. ஃபிஜியிலும் வானொலியில் இருந்தவள். அங்கே ஒரு காலம் தணிக்கைக்காரர் பக்கத்தில் இருந்து செய்தியை வெட்டுவார்களாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சின்னத் தீவுகளுக்கு எல்லாம் ஒரே வியாதி போலும்.

கோதண்டராமன் என் நேரத்தில் பாதியை விழுங்கப் பார்க்கிறார். "சார், நியூஸ் எல்லாம் போன்லயே வந்துடுதே, நீங்க எதுக்கு மெனக்கெடறீங்க?" என்கிறார். வருவது செய்தியா என்பதுதான் கேள்வி என்றேன். மரணச் செய்திக்கு இரண்டு வாய் வேண்டும், ஒன்று வீட்டார், மற்றது வெளியார். அது இல்லாமல் நான் வாசிக்கமாட்டேன். இந்த ஊர்த் தமிழருக்கு அது தெரியும். அதனால்தான் கேதீஸ் சொன்னால் சரி என்கிறார்கள்.

எப்சத்தில் வீட்டு வாடகை அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

தம்பி,
கேதீஸ்


கொக்குவில் கிழக்கு
20 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை, காத்திருக்காமல் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும்.

அண்ணைக்குச் சோதனை முடிவு வந்துவிட்டது. ஈரலில். டாக்டர் நிருஜாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். அவள் வெளியே வந்து, "அத்தை, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகட்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

உன் இலக்கம் வேண்டும். அல்லது அவளுடைய இலக்கத்துக்கு ஒருமுறை எடு. யாரோடு கதைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எடுத்தால் போதும்.

யோகராணி


கிளென்ஃபீல்ட்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. தபால் பிந்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று நடந்ததை எழுத வேண்டும். நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கோதண்டராமன் கைப்பேசியை நீட்டினார்.

"சார், உங்க ஊர்க்காரர் ஒருத்தர் தவறிட்டாராம். மவுண்ட் ரோஸ்கில் தமிழ் வாட்ஸ்அப் குரூப் ஃபுல்லா இதான் ஓடுது. படிச்சிடுங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். ஒரு படம், அதன் கீழே அறிவித்தல். யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர் இராசநாயகம் சுந்தரமூர்த்தி அவர்கள் வெள்ளிக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற இராசநாயகம், செல்வநாயகி தம்பதியரின் மூத்த புதல்வனும், நிருஜாவின் பாசமிகு தந்தையும், யோகராணியின் அன்புச் சகோதரனும் ஆவார். இறுதிக்கிரியைகள் ஞாயிறு காலை பத்து மணிக்கு.

படமும் அண்ணையுடையதுதான், பழைய படம்.

"சார், அப்பா பேரு உங்க அப்பா பேராச்சே. உங்களுக்குச் சொந்தமா?" என்று கோதண்டராமன் கேட்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு இன்னொரு தடவை வாசித்தேன். யோகராணியின் அன்புச் சகோதரனும் ஆவார். அதோடு முடிகிறது. அங்கேதான் பிழையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ரை அண்ணைக்கு அறிவித்தல் அடிச்சா என்ரை பேர் இல்லாமல் அடிப்பினமோ? இது ஆரோ செய்த பம்மாத்து" என்றேன்.

"அப்ப சரி சார். நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

எத்தனை மரண அறிவித்தல் வாசித்தவன் நான். சண்டை பிடித்துப் பத்து வருஷம் முகம் பார்க்காத சகோதரத்தையும் எங்கள் ஆட்கள் அறிவித்தலில் போடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் கனடா என்றோ லண்டன் என்றோ போடுவார்கள். வீட்டுக்காரர் எழுதியிருந்தால் "கேதீஸ்வரன் (நியூசிலாந்து)" அதில் இருந்திருக்கும். இன்டர்நெட்டில் பாதி விபரம் பொறுக்கினவன்தான் இப்படி அரைகுறையாகச் செய்வான்.

இருந்தாலும் ஒழுங்குப்படி வீட்டுக்கு எடுத்துப் பார்த்தேன். மனப்பாடமாக இருப்பது பழைய இலக்கம் ஒன்றுதான். அது பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. நேரம் ஆகிவிட்டது. ஒலிவாங்கியில் இப்படிச் சொன்னேன்: "கொக்குவில் சுந்தரமூர்த்தி அவர்கள் காலமானதாகப் பரவும் அறிவித்தல் பொய்யானது. நேயர்கள் அதை நம்பவோ மற்றவர்களுக்கு அனுப்பவோ வேண்டாம். அவர் நலமாக இருக்கிறார்."

கடைசி வாக்கியத்தை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. தாளில் அது இருக்கவில்லை.

அண்ணையின் பழைய நேயர்கள் சிலர் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் அஞ்சலிக்கு ஆயத்தம் செய்தார்களாம். நான் சொன்னதைக் கேட்டுக் கைவிட்டுவிட்டார்கள். ஒருவர் எனக்கு நன்றியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உங்கள் பெப்ரவரிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் நிருஜாவின் இலக்கம் இருந்தது. அங்கே அப்போது பகல். எடுக்கவில்லை. பொய்யென்று நானே அறிவித்த செய்தியை விசாரிக்க நான் ஏன் தொலைபேசி எடுக்க வேண்டும்?

எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

தம்பி,
கேதீஸ்


கொக்குவில் கிழக்கு
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி கேதீசுக்கு,

இது வருஷப்பிறப்புக் கடிதம் அல்ல. எங்கள் வீட்டில் இந்த முறை வருஷம் இல்லை.

அண்ணை ஏப்ரல் நாலாம் திகதி, வெள்ளிக்கிழமை விடியப் போய்விட்டார். வேதனைப்படவில்லை. நானும் நிருஜாவும் பக்கத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கிரியை நடந்தது. நிருஜாவே கொள்ளி வைத்தாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது.

நீ சாப்பாட்டை விட்டுவிடாதே. அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

யோகராணி


கிளென்ஃபீல்ட்
5 மே 2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களும் போன கிழமைதான் வந்தன. அதுவும் பின்னால் எழுதியது முன்னால் வந்தது. திங்கட்கிழமை அண்ணை செத்துப்போனார். வியாழக்கிழமை அவருக்கு ஈரலில் வருத்தம் என்று வந்தது. எதற்கு முதலில் அழ வேண்டும் என்று தெரியாமல் களஞ்சியத்தில் பிழையான லேபல்களை ஒட்டிக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் ஒரு சமோவாக்காரர். என்ன நடந்தது என்று கேட்டார். என் அண்ணன் இறந்துவிட்டார் என்றேன். எப்போது என்றார். பதில் சொல்ல வாய் திறந்து, எந்தத் திகதியைச் சொல்வது என்று நின்றேன். அவர் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மரணத்தைப் பற்றி எழுதினீர்கள். அறிவித்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதியது யார்? அதில் என் பெயர் ஏன் இல்லை? அண்ணை போட வேண்டாம் என்று சொன்னாரா? நீங்களா? அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு சித்தப்பா இருப்பது தெரியாதா? மவுண்ட் ரோஸ்கில் குழுவுக்கு அதை அனுப்பியது யார்? என் நிகழ்ச்சியை அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களா?

என் பெயர் அதில் இருந்திருந்தால் நான் அதைப் பொய் என்று சொல்லியிருக்கமாட்டேன். உயிரோடிருக்கிற என்னை நீங்கள்தான் அழித்தீர்கள். நான் செத்துப்போனவரை உயிரோடிருக்கிறார் என்றேன். இரண்டில் எது பெரிய பிழை என்று சொல்லுங்கள்.

இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நன்றி சொன்னவர் கோயிலில் என்னைக் கண்டும் காணாமல் போகிறார். அஞ்சலியை என்னால் விட்டவர்கள் மறுபடி வைக்க வெட்கப்படுகிறார்கள். ரஜ்னி கூப்பிட்டாள். உறுதிப்படுத்தாததை வாசிக்கக்கூடாது என்றால் உறுதிப்படுத்தாததை மறுக்கவும் கூடாது அல்லவா என்று கேட்டாள். ஒலிபரப்பில் செய்த பிழையை ஒலிபரப்பிலேயே திருத்த வேண்டும், அதுவரை செய்தி நேரம் நிறுத்தம் என்கிறாள். கோதண்டராமன் முழு நேரமும் பாட்டுப் போடுகிறார்.

திருத்தம் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்த அறிவித்தலை நான் திருத்தி வாசிப்பது? நான் இல்லாத அறிவித்தலையா? முதலில் எனக்கு இது விளங்க வேண்டும்.

கேதீஸ்


கொக்குவில் கிழக்கு
22 மே 2025

அன்புத் தம்பி கேதீசுக்கு,

நீ சாப்பிட்டு, நித்திரை கொண்டு, வேலைக்குப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ கடைசியாக எழுதிய கடிதங்கள் இரண்டும் வந்து சேர்ந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் நடந்து முடிந்தது. மழை வரவில்லை.

அறிவித்தலை எழுதியது நான். உன் பெயரை விட்டதும் நான். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை.

நீ எங்கள் வழக்கம் தெரியாதவன் இல்லை. வெளிநாட்டில் சகோதரம் இருக்கிறது என்று எழுத்தில் வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "ஆள் எப்ப வருகுது?" என்பதுதான். நீ வரும்வரைக்கும் அண்ணையை மலர்ச்சாலைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கச் சொல்வார்கள். உரித்தான ஆண் ஒருவன் இருக்கும்போது பெண்பிள்ளை கொள்ளி வைப்பதா என்று ஐயர் தடுத்து நிற்பார். உனக்கு எடுக்க என்னிடம் இலக்கம் இல்லை. எடுத்தாலும் நீ வரமாட்டாய். நீ வராததை ஊர் முழுக்கக் கதைக்கும். பெயர் இல்லை என்றால் ஏதோ மனத்தாங்கல் என்று கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். அப்படித்தான் விட்டார்கள். உன்னைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவிடவில்லை நான். அதற்காகத்தான் செய்தேன். உன்னை அழிக்க இல்லை.

ஒக்லாந்துக் குழுவுக்கு அனுப்பியது நிருஜா. உனக்குச் செய்தி சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சித்தப்பா எப்படியும் மரண அறிவித்தல் பார்ப்பார், வாசிப்பார், அப்போது அவருக்குத் தெரிந்துவிடும் என்றாள்.

ஓம், கேட்டோம். ஞாயிறு காலை, கிரியை தொடங்க முதல். அண்ணையின் தலைமாட்டுக் கதிரையில் கைப்பேசியை வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். பந்தலில் இருந்த சனம் எல்லாம் கேட்டது. நீ சொல்லி முடித்ததும் முன்வீட்டுக்காரர் எழும்பி, "அப்ப பெட்டியைத் திருப்பிக் குடுப்பமோ? நியூசிலாந்தில ஆள் சுகமா இருக்கிறாராம்" என்றார். அந்த ஆளின் வாய் உனக்குத் தெரியும்தானே. செத்த வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நிருஜாவும் சிரித்தாள், அப்படியே அழுதாள். "அத்தை, சித்தப்பா வாசிச்சு முடிக்கும்மட்டும் அப்பா உயிரோடை இருந்தவர்" என்றாள். இதை எழுதினால் உனக்கு நோகும் என்றுதான் அன்றைக்கு எழுதவில்லை.

இன்னொன்று. அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் உன் செய்தி கேட்டவர். நல்லது கெட்டது சொல்லமாட்டார். நீ ஏதாவது சொல்லைப் பிழையாக உச்சரித்தால் மட்டும் உச்சுக் கொட்டுவார். கொழும்பில் நடந்ததைப் பற்றி நான் ஒரேயொரு முறை கேட்டேன். "கதிரை வெறுமையா இருந்தா ஆக்கள் தேடுவினம் யோகம். அந்த நாளையில தேடினா என்ன நடக்கும்?" என்றார். அது சரியா பிழையா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது.

நிருஜா இப்பவும் ஞாயிறு காலை உன் ரேடியோவைப் போடுகிறாள். பாட்டுத்தான் போகிறது. முடியும்வரை வைத்திருக்கிறாள்.

உன் அக்கா,
யோகராணி


கிளென்ஃபீல்ட்
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். குளிர்தான் கூடிவிட்டது. உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது.

எனக்கு இன்னும் தெளிவில்லை. இத்தனை காலம் ஒருவர்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்துக்கு அவர் தகுதியானவரா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. தகுதி இல்லை என்றும் முடிவு செய்ய முடியவில்லை. அவர் அந்த வரியை வாசித்தது உண்மை. நான் தேடப்படாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே செய்தியில் எப்படி எழுதுவது?

உங்கள்மேலும் கோபப்பட்டேன். அதுவும் நிற்க மாட்டேன் என்கிறது.

இன்று ரஜ்னி நேரத்தைத் திருப்பித் தந்தாள். திருத்தத்தை முதலில் வாசித்தேன். ஏப்ரல் ஆறாம் திகதி இந்த நிகழ்ச்சியில் ஒரு மரணத்தைப் பொய் என்றேன், அது உண்மை, விசாரிக்காமல் மறுத்தது என் பிழை என்றேன். அதற்குப் பிறகு அறிவித்தலை வாசித்தேன். வாசிக்க முன்னால் கோதண்டராமன் தாளைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பேரைச் சேர்த்துக்கலாமே, யார் கேக்கப்போறா?" என்றார். வீட்டார் தந்தது தந்தபடிதான் என்றேன். அப்படியே வாசித்தேன், ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் நின்றுவிட்டது. கருவிக் கோளாறு என்று ரஜ்னி குறித்துக்கொண்டாள். அதை நான் திருத்தவில்லை.

இன்றைக்குப் பாட்டு வேண்டாம் என்று கோதண்டராமன் தானாகவே சொன்னார். மிச்ச நேரத்துக்கு ஒரு நாதஸ்வரம் போட்டார். வாசலில் நின்று, "போற வழிதான், ஏறுங்க சார்" என்று காரில் கொண்டுவந்து விட்டார். அவருக்கு அது வழி இல்லை. அஞ்சலி அடுத்த சனிக்கிழமை மவுண்ட் ரோஸ்கில்லில் நடக்கிறது. என்னையும் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கதைப்பது என்று தெரியாது.

சோபனா வரமாட்டாள். நாங்கள் இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இல்லை, அக்கா. உங்களுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி,
கேதீஸ்


கொக்குவில் கிழக்கு
15 ஜூன் 2025

அன்புத் தம்பி கேதீசுக்கு,

உன் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. இன்று காலை கேட்டோம், உடனே எழுதுகிறேன். நீ சுகம் என்று குரலில் தெரிந்தது. தடிமன் போய்விட்டது.

நீ அறிவித்தலைத் தொடங்கியதும் நிருஜா எழும்பி அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியைக் கொண்டுபோய் வைத்தாள். அப்பா, அம்மா பெயர் சொன்னாய். நிருஜாவின் பாசமிகு தந்தையும் என்றாய். யோகராணியின் அன்புச் சகோதரனும் என்றாய். அதோடு சத்தம் நின்றுவிட்டது.

கன நேரம் ஒன்றும் வரவில்லை. நிருஜா, "லைன் அறுந்துபோச்சு அத்தை" என்று கைப்பேசியைத் தட்டப் போனாள்.

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "பொறு பிள்ளை, தட்டாதை. அது தம்பி" என்றேன்.

உன் அக்கா,
யோகராணி